பாவும் ஊடையும்: கணினி மொழிகளில் மாற்ற இயலாத அமைவுகள்

கணினி மொழி ஒன்றைக் கற்கப் புகும் மாணவர்க்கு அதன் இலக்கணம் பெரிய இடராக இருப்பதில்லை. இலக்கணப் பிழை நேர்ந்தால் கணினியே வரி எண்ணைக் காட்டித் திருத்தச் சொல்லிவிடுகிறது. மாணவரை நள்ளிரவு வரை விழித்திருக்கச் செய்வது வேறொன்று. ஒரு கணினியில் செவ்வனே ஓடிய நிரல் மற்றொரு கணினியில் ஓட மறுக்கிறது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மொழியும் ஒன்றே, பல வேளைகளில் பதிப்பு எண்ணும் ஒன்றே. காரணத்தைத் தேடிச் சென்றால், ஏதோ ஓர் அமைவு இங்கே ஒரு விதமாகவும் அங்கே வேறு விதமாகவும் இருப்பது தெரிய வருகிறது. 'சரி, அதை மாற்றிவிடுவோம்' என்று நிரலுக்குள்ளிருந்து எழுதப் புகுந்தால், 'இது படிப்பதற்கு மட்டுமே உரியது' என்று விடை வருகிறது. சில மொழிகளில் அந்த விடைகூட வருவதில்லை. மாற்றியதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் எதுவும் மாறியிருப்பதில்லை.

இந்த நிலையில் மாணவர் பெரும்பாலும் கேட்பது, 'இந்தப் பூட்டை எப்படி உடைப்பது?' என்பதே. அதை விடுத்து, 'இந்த அமைவு எங்கே, எப்போது முடிவு செய்யப்பட்டது?' என்று கேட்டால் பழுதில் பாதி அப்போதே தீர்ந்துவிடும். இதுவே இக்கட்டுரையில் நான் விளக்க விரும்பும் கருத்து. இதற்குப் பெர்ல், பைத்தான், பிஹெச்பி ஆகிய மூன்று மொழிகளை எடுத்துக்கொள்வோம். மூன்றும் நம் மாணவர் அன்றாடம் கையாள்பவை. மூன்றும் மூன்று விதமாக மறுப்பவை. கட்டளைச் சொற்களை ஈண்டுத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். கணினியில் இடும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் இடுதல் வேண்டும்.

தறி காட்டும் மூன்று காலங்கள்

எங்கள் ஊர் கொள்ளேகால். பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். தறியைப் பார்த்து வளர்ந்தவர்க்கு இந்தப் பாடம் எளிதில் விளங்கும். பாராதவர்க்காகச் சற்று விளக்குகிறேன்.

சேலை நெய்வதற்கு முன் பாவு ஓட்டப்படுகிறது. நீளவாட்டில் எத்தனை இழைகள் செல்லும், சேலையின் அகலம் எவ்வளவு என்பன பாவு ஓட்டும்போதே முடிவாகிவிடுகின்றன. அடுத்து ஜக்கார்டு அட்டைகள். கரையிலும் முந்தானையிலும் வர வேண்டிய பூவேலைக்கென்று துளையிட்ட அட்டைகளைக் கோத்து, நெசவு தொடங்குமுன் தறியின் மேல் ஏற்றுவார்கள். மூன்றாவது ஊடை. அது நாடாவுக்குள் இருந்து குறுக்கே ஓடும் இழை.

நெய்துகொண்டிருப்பவரிடம் சென்று, 'ஊடையை நீல நிறமாக மாற்றுங்கள்' என்றால் அந்த நொடியே மாற்றிவிடுவார். 'கரையில் அன்னத்துக்குப் பதிலாக மயில் வேண்டும்' என்றால், தறியை நிறுத்தி வேறு அட்டைக் கோவையை ஏற்ற வேண்டியிருக்கும். 'அகலத்தை ஒரு சாண் கூட்டுங்கள்' என்றாலோ, அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அதற்கு வேறு பாவுதான் வழி.

உவமைக்குத் தறியை எடுத்துக்கொண்டது வெறும் ஊர்ப்பற்றினால் அன்று. பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு 1804ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த துளையட்டை முறையையே சார்ல்ஸ் பாபேஜ் தம்முடைய பகுப்புப் பொறிக்கும் எடுத்துக்கொண்டார். கணினிக்கும் தறிக்கும் உள்ள உறவு பழைய உறவு.

கணினி மொழிகளிலும் அமைவுகள் இவ்வாறே மூன்று காலங்களில் முடிவாகின்றன. முதலாவது, கட்டும் காலம். பெர்ல், பைத்தான், பிஹெச்பி மூன்றும் பெரும்பாலும் சி மொழியில் எழுதிய மூல நிரலைத் தொகுத்து உண்டாக்கப்படுபவை. தொகுப்பவர் அப்போது பல தெரிவுகளைச் செய்கிறார். விளைந்து வரும் இயங்கு கோப்பையே பில்டு என்றும் கட்டுமானம் என்றும் சொல்கிறோம். ஒரே பதிப்பு எண்ணுக்குப் பல கட்டுமானங்கள் இருக்கலாம் என்பதை மாணவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டாவது, தொடங்கும் காலம். இயங்கு கோப்பு எழுந்தவுடன் அமைவுக் கோப்பையும், சூழல் மாறிகளையும், கட்டளை வரியில் இட்ட குறிகளையும் ஒருமுறை படித்துக்கொள்கிறது. மூன்றாவது, ஓடும் காலம். நம் நிரலின் வரிகள் நடைபெறும் காலம் அது.

'படிக்க மட்டும்' என்று ஓர் அமைவு சொல்லுமாயின், அதன் பொருள் இதுதான்: நீங்கள் ஊடை ஓடும் காலத்தில் நின்றுகொண்டு பாவையோ அட்டையையோ மாற்ற முயல்கிறீர்கள்.

பெர்ல்: வெளிப்படையாக மறுப்பது

லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் மொழி, தான் கட்டப்பட்ட விதத்தை ஒளிப்பதில்லை. கான்ஃபிக் என்னும் அணியில் அக்குறிப்புகள் யாவும் அடங்கியுள்ளன. எந்தத் தொகுப்பியைக் கொண்டு கட்டினார்கள், முழு எண்ணுக்கு எத்தனை பைட்டுகள், இழைகளுக்கு இடம் உண்டா இல்லையா என்பன போன்ற நூற்றுக்கணக்கான செய்திகளை அதில் காணலாம். கட்டளை வரியில் பெர்ல் என்று எழுதி, ஒரு கழித்தல் குறியும் பெரிய வி எழுத்தும் இட்டால் சுருக்கமான அறிக்கை வரும். வி எழுத்தை அடுத்து முக்காற்புள்ளி இட்டு ஓர் அமைவின் பெயரைச் சேர்த்தால் அந்த ஒன்றின் மதிப்பு மட்டும் வரும்.

இழைகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரே நிரலுக்குள் பல வேலைகளை உடன்நிகழ்வாக நடத்தும் இந்த வசதி பெர்லில் கட்டும்போதே சேர்க்கப்பட வேண்டியது. யூஸ்இத்ரெட்ஸ் என்னும் அமைவு அதைக் குறிக்கும். டெபியன், உபுண்டு ஆகியவை தரும் பெர்லில் அது உண்டு. விண்டோஸுக்கான ஸ்ட்ராபெரி பெர்லிலும் உண்டு. ஆனால் பெர்ல்புரூ என்னும் கருவியைக் கொண்டு நாமே கட்டிக்கொள்ளும் பெர்லில், தனியாகக் கேட்டாலன்றி அது வராது. ஆகவே உபுண்டுவின் பெர்லில் ஓடிய நிரல், மாணவர் தாமே கட்டிய பெர்லில் 'இந்தப் பெர்ல் இழைகளுக்கென்று கட்டப்படவில்லை' என்ற பொருள்பட முறையிட்டு நின்றுவிடும்.

அந்நிலையில் கான்ஃபிக் அணியில் அம்மதிப்பை மாற்றி எழுத முயன்றால், அது படிக்க மட்டுமே உரியது என்று சொல்லிப் பெர்ல் நிரலையே நிறுத்திவிடும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போவர். அந்த அணிக்குரிய கோப்பையே திறந்து, சொல்லை மாற்றி எழுதிவிடுவர். கோப்பில் எழுத முடியும். அதனால் இழைகள் வந்துவிடுமா?

கொள்ளேகால் வட்டம் 1956 அக்டோபர் வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதில் அடங்கியது. பழைய நிலப்படம் ஒன்றை எடுத்து, எல்லைக் கோட்டை ரப்பரால் அழித்து வேறிடத்தில் வரைந்தால் வட்டம் இடம் பெயருமா? எல்லையை மாற்றியது நாடாளுமன்றம் இயற்றிய 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புச் சட்டம். நிலப்படம் அம்முடிவைப் பதிந்து வைத்த குறிப்பு. பெர்லின் கான்ஃபிக் அணியும் அத்தகைய குறிப்பே.

குறிப்பைத் திருத்துவதால் பயன் இல்லை என்பதோடு தீங்கும் உண்டு. பெர்லுக்குத் துணைப் பொதிகளைச் சேர்க்கும் கருவிகள், எந்தக் குறிகளோடு தொகுப்பது என்பதை அந்தக் கான்ஃபிக் அணியைப் பார்த்தே தீர்மானிக்கின்றன. குறிப்பு பொய் சொன்னால் அவை பொய்யான அளவுக்குத் துணி வெட்டும். பின்னர் அப்பொதியை ஏற்றும்போது, பொதியும் பெர்லும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்ற பிழையோ, அதைவிடக் கொடியதாகக் காரணமே சொல்லாத வீழ்ச்சியோ நேரும். பெர்ல் அந்த அணியைப் பூட்டி வைத்திருப்பது நம்மைத் தடுக்க அன்று, நம்மைக் காக்கவே. இழைகள் வேண்டுமென்றால் அவற்றோடு கட்டிய வேறொரு பெர்லைப் பெற வேண்டும். பெர்ல்புரூவில் ஒரு குறியைச் சேர்த்துக் கட்டச் சொன்னால் சிறிது நேரத்தில் அது கிடைத்துவிடும். பழைய பெர்லும் பக்கத்திலேயே கெடாமல் இருக்கும்.

பைத்தான்: ஒப்புக்கொண்டும் செய்யாதது

பெர்லின் மறுப்பு நமக்கு நன்மை செய்கிறது. மறுக்காமல் தலையசைத்துவிடும் அமைவுதான் ஆபத்தானது. அதற்குப் பைத்தான் 2 நல்ல எடுத்துக்காட்டு. இந்தப் பழுது என் உறவினர் வீட்டிலேயே நேர்ந்தது. கணக்கையே புரட்டிப் போட்டது.

அவர்கள் வீட்டில் முன்னோர் எழுதிய பற்றுவரவு ஏடுகள் இருந்தன. அவற்றில் அளவுகள் தமிழ்ப் பின்னக் குறிகளால் குறிக்கப்பட்டிருந்தன. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு; காணி 80இல் ஒரு பங்கு; மா 20இல் ஒரு பங்கு. இக்குறிகளுக்கெல்லாம் 2019இல் வெளியான யூனிகோடு 12.0 பதிப்பில் இடம் கிடைத்தது. தமிழ்ப் பிற்சேர்க்கை என்னும் தனிப் பகுதியில் 51 குறிகள் சேர்க்கப்பட்டன. அவ்வீட்டார் ஏடுகளைக் கணினியில் ஏற்றி, முன்பே கைவசம் இருந்த ஒரு பைத்தான் 2.7 நிரலைக் கொண்டு கூட்டினார்கள். கடையில் இருந்த விண்டோஸ் கணினி ஒரு தொகையைச் சொன்னது. வீட்டில் இருந்த உபுண்டு கணினி வேறொரு தொகையைச் சொன்னது. நிரலும் தரவும் ஒன்றே. இரண்டிலும் பைத்தான் 2.7.

காரணம் கட்டுமானத்தில் இருந்தது. யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. நம் அகரத்துக்கு 2949. வழக்கமான தமிழ் எழுத்துகள் யாவும் 2944 முதல் 3071 வரையுள்ள எல்லைக்குள் அடங்கும். பிற்காலத்தில் சேர்ந்த முந்திரிக் குறிக்கோ 73664 என்னும் பெரிய எண் கிடைத்தது. பைத்தான் 2 இருவகையாகக் கட்டப்பட்டது. குறுகிய கட்டுமானத்தில் ஓர் இடத்தில் 65,535 வரை உள்ள எண்ணே அடங்கும். அகன்ற கட்டுமானத்தில் யூனிகோடின் உச்ச எண்ணாகிய 11,14,111 வரை அடங்கும். விண்டோஸுக்கென வெளியானது குறுகியது. உபுண்டு தந்தது அகன்றது. தறியின் அகலத்தைப் போலவே இதுவும் கட்டும்போது முடிவாகிவிட்டது.

குறுகிய கட்டுமானத்தில் முந்திரிக் குறி 55303, 57280 என்னும் இரு துண்டுகளாகப் பிரிந்து இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். முக்கால் குறியின் எண் 73683. அது 55303, 57299 என்று பிரியும். இரண்டிலும் முதல் துண்டு ஒன்றாகவே இருப்பதைக் கவனியுங்கள். அந்த நிரலோ, கட்டத்தில் உள்ள முதல் எழுத்தைப் பின்னக் குறியாக எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. ஆகவே குறுகிய கட்டுமானத்தில் அதன் கண்ணுக்கு 320இல் ஒரு பங்கும் நான்கில் மூன்று பங்கும் ஒன்றே! தொகை மாறியதில் வியப்பென்ன?

எந்தக் கட்டுமானம் என்பதை ஸிஸ் பொதியில் உள்ள மேக்ஸ்யூனிகோட் என்னும் அமைவு சொல்லிவிடும். குறுகியதில் 65535 என்றும், அகன்றதில் 1114111 என்றும் அது காட்டும். இதைக் கண்டுகொண்ட ஒருவர், குறுகியதில் அந்த அமைவுக்குப் பெரிய எண்ணை எழுதிப் பார்த்தார். பைத்தான் ஒரு சொல்லும் முணுமுணுக்கவில்லை. மீண்டும் கேட்டபோது, எழுதிய பெரிய எண்ணையே திருப்பிச் சொன்னது. ஆனால் 73664க்கு உரிய எழுத்தைத் தா என்று யூனிகேர் கட்டளையை இட்டதும், 'இது குறுகிய கட்டுமானம்' என்று சொல்லி மறுத்துவிட்டது. பெயர்ப்பலகையில் எழுத்து மாறிற்று, கட்டடம் மாறவில்லை. ஓர் அமைவை மாற்றியபின் அதே அமைவைப் படித்துப் பார்த்து நிறைவடைவது போதாது. அது ஆளும் செயலை நடத்திப் பார்த்தல் வேண்டும்.

தீர்வு எளிது. 2012இல் வெளியான பைத்தான் 3.3இல் குறுகியது, அகன்றது என்னும் வேறுபாடே நீக்கப்பட்டது. எந்த எழுத்தும் ஓர் இடத்தில் அடங்கும். நிரலைப் பைத்தான் 3க்கு மாற்றியதும் இரு கணினிகளும் ஒரே தொகையைச் சொல்லின. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்துவிட்டது. ஆயினும் பழைய கடைகளிலும் பழைய ஆய்வுக்கூடங்களிலும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது; ஆதலின் இச்செய்தி பழங்கதை ஆகிவிடவில்லை.

தொடங்கும் காலத்துக்கும் பைத்தானிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். பைத்தான் 3.3 முதல் சொற்களுக்குரிய ஹாஷ் எண் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். ஆதலால் சொற்கணம் ஒன்றை அச்சிட்டால் வரிசை முறை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறக்கூடும். ஒரே வரிசை வேண்டுவோர் பைத்தான்ஹாஷ்சீட் என்னும் சூழல் மாறிக்கு ஓர் எண்ணைத் தர வேண்டும். அதை நிரலுக்குள் முதல் வரியில் எழுதினாலும் பயன் இல்லை. பைத்தான் எழுந்தபோதே அதைப் படித்து முடித்துவிட்டது. நிரலைத் தொடங்குமுன் கட்டளை வரியில் தர வேண்டும். இது அட்டைக் கோவையின் இனத்தைச் சேர்ந்தது.

இரண்டு காலங்களும் பின்னிக் கிடக்கும் அமைவும் உண்டு. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13, ஜில் என்னும் பொதுப் பூட்டு இல்லாமலும் இயங்கக்கூடிய தனிக் கட்டுமானம் ஒன்றைத் தருகிறது. அந்தக் கட்டுமானத்தில் பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதைத் தொடங்கும்போது தெரிந்துகொள்ளலாம். வழக்கமான கட்டுமானத்தில் பூட்டை நீக்கும்படி கேட்டால், இக்கட்டுமானம் அதற்கு இடம் தராது என்று சொல்லிப் பைத்தான் தொடங்கவே மறுக்கும். பாவு இடம் தந்தால்தான் அட்டைக்கு வேலை உண்டு.

பிஹெச்பி: வாய் திறவாமல் மறுப்பது

பிஹெச்பியில் பெரும்பாலான இடர்கள் தொடங்கும் காலத்தைச் சேர்ந்தவை. சேலைக் கடை ஒன்றின் வலைத்தளத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு நிழற்படம் ஏற்ற வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் 4 மெகாபைட் இருக்கும். பிஹெச்பி தன்னியல்பில் ஏற்கும் கோப்பின் உச்ச அளவு 2 மெகாபைட். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் படம் ஏறாமல் நின்றால் கடைக்காரர்க்கு அது தொழில் நுணுக்கம் அன்று; வயிற்றுப் பாடு.

மாணவர் என்ன செய்வார்? நிரலின் முதல் வரியில் இனிசெட் என்னும் கட்டளையால் அப்லோட்மேக்ஸ்ஃபைல்சைஸ் என்ற அமைவை 10 மெகாபைட் ஆக்குவார். பிழைச் செய்தி ஏதும் வராது. படமும் ஏறாது. இனிசெட் தோற்றால் 'பொய்' என்னும் மதிப்பைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே. அந்த மதிப்பை வாங்கிப் பார்ப்பவர்க்கே தோல்வி தெரியும்.

ஏன் தோற்கிறது? நம் நிரலின் முதல் வரி நடைபெறுமுன்பே பிஹெச்பி படத்தைப் பெற்று, அளந்து, ஏற்பதா தள்ளுவதா என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. விருந்து முடிந்தபின் இலை போடுவது போன்றது நம் கட்டளை. இதை எண்ணியே பிஹெச்பி தன் அமைவுகளை வகுத்து வைத்திருக்கிறது. நினைவக எல்லை முதலியன நிரலுக்குள்ளும் மாறக்கூடியவை. கோப்பேற்ற எல்லை போன்றவை அமைவுக் கோப்பிலோ அடைவுக்குரிய கோப்பிலோ மட்டும் மாறக்கூடியவை. வேறு சில, முதன்மை அமைவுக் கோப்பில் மட்டுமே மாறும். எந்த அமைவு எந்த வகை என்பது பிஹெச்பியின் கையேட்டில் பட்டியலாக உள்ளது. அப்பட்டியலை ஒருமுறை பார்த்தால் ஓர் இரவின் உறக்கம் மிஞ்சும்.

சரி, அமைவுக் கோப்பில் மாற்றிவிட்டோம். அப்போதும் படம் ஏறவில்லை என்றால்? நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில், திருத்தியது எந்தக் கோப்பு? டெபியன் வழி வந்த கணினிகளில் கட்டளை வரிக்கு ஓர் அமைவுக் கோப்பும், வலைச் சேவைக்கு வேறோர் அமைவுக் கோப்பும் தனித்தனி அடைவுகளில் உள்ளன. கட்டளை வரியில் பிஹெச்பி என்று எழுதி, இரு கழித்தல் குறிகளும் இனி என்ற சொல்லும் இட்டால், கட்டளை வரி படித்த கோப்பே தெரியும். வலைச் சேவை படித்த கோப்பை அறிய, பிஹெச்பிஇன்ஃபோ கட்டளையை ஒரு வலைப்பக்கத்தில் இட்டு உலாவியின் வழியே பார்க்க வேண்டும். பார்த்து முடிந்ததும் அப்பக்கத்தை நீக்கிவிடுக. அது அயலார் கண்ணில் படத் தகாதது.

இரண்டாவது, வலைச் சேவையை மீண்டும் தொடங்கினோமா? அடைவில் வைக்கும் யூசர் இனி கோப்பாயின் மறுதொடக்கம் வேண்டுவதில்லை. ஆனால் பிஹெச்பி அதை 300 விநாடிகளுக்கு ஒருமுறைதான் மீண்டும் படிக்கும். ஐந்து நிமிடம் பொறுக்காமல், வேலை செய்யவில்லை என்று வேறு இடத்தைக் கலைத்தவர் பலர்.

மூன்றாவது, போஸ்ட்மேக்ஸ்சைஸ் என்னும் உடன்பிறப்பு. படிவம் முழுவதற்குமான எல்லை அது. தன்னியல்பில் 8 மெகாபைட். கோப்பின் எல்லையைவிட இது பெரிதாக இருத்தல் வேண்டும். இதை மீறினால் படிவத்தில் நிரப்பிய எல்லாமே வெறுமையாக வந்து சேரும்.

நான்காவது, பிஹெச்பிக்கு முன்னால் நிற்கும் வாயிற்காவலர். என்ஜின்எக்ஸ் சேவை தன்னியல்பில் 1 மெகாபைட்டுக்கு மேற்பட்ட வரவை 413 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். அந்த எண்ணைக் கண்டால் பிஹெச்பியைத் தொடவே வேண்டாம். அதன் பார்வைக்குப் படம் வரவே இல்லை.

பழுது காண ஐந்து வினாக்கள்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் எம்மொழிக்கும் பொருந்தும் ஐந்து வினாக்கள் கிடைக்கின்றன. அவற்றை இவ்வரிசையிலேயே கேட்பது நலம்.

1. ஓடிக்கொண்டிருப்பது எந்தக் கட்டுமானம்? கட்டளை வரியில் நாம் அழைப்பது ஒன்றாகவும், கிரான் என்னும் காலக் காவலன் அழைப்பது வேறொன்றாகவும் இருக்கலாம். கிரானுக்குத் தெரிந்த பாதைகள் மிகச் சிலவே. நம் இல்ல அடைவில் கட்டிய பெர்லை அது அறியாது. ஆகவே நிரலைக் கொண்டே, தன்னை இயக்கும் கோப்பின் முழுப் பாதையை அச்சிடச் செய்க. பைத்தானில் ஸிஸ் எக்ஸிக்யூட்டபிள் என்பதும், பிஹெச்பியில் பிஹெச்பி பைனரி என்பதும் அதைத் தரும்.

2. அது எந்த அமைவுக் கோப்பையும் எந்தச் சூழல் மாறிகளையும் படித்தது? நாம் திருத்திய கோப்பும் அது படித்த கோப்பும் ஒன்றுதானா?

3. அமைவின் மதிப்பு இப்போது என்ன? அது சொல்லும் மதிப்பும் அது நடந்துகொள்ளும் முறையும் ஒத்திருக்கின்றனவா?

4. இந்த அமைவு எந்தக் காலத்தைச் சேர்ந்தது? கட்டும் காலமா, தொடங்கும் காலமா, ஓடும் காலமா?

5. அந்தக் காலத்துக்குரிய இடத்தில் மாற்றினோமா? கட்டும் காலமாயின் வேறு கட்டுமானம். தொடங்கும் காலமாயின் கோப்பைத் திருத்தி மறுதொடக்கம். ஓடும் காலமாயின் நிரலில் ஒரு வரி. மாற்றியபின் மூன்றாம் வினாவை மீண்டும் கேட்க.

முதல் வினாவை விட்டு ஐந்தாவதற்குத் தாவுவதே பெரும்பாலோர் படும் பாட்டுக்குக் காரணம். ஆய்வுக்கூடத்தில் உதவி கேட்டு வரும் இளைய மாணவரிடம் நான் முதலில் நிரலைக் கேட்பதில்லை. இரு கணினிகளிலும் கட்டுமான அறிக்கையை எடுத்து அருகருகே வைக்கச் சொல்கிறேன். வேறுபடும் வரி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பல வேளைகளில் அந்த வரியைப் படித்ததும் அவரே எழுந்து போய்விடுகிறார்.

இன்னும் ஒரு சொல். நம்மில் பலர் பிறர்க்கென்று நிரல் எழுதுகிறோம். நம் நிரலுக்கு ஒரு குறிப்பிட்ட கட்டுமானம் வேண்டுமென்றால், அதைத் தொடக்கத்திலேயே சோதித்து, இல்லையெனில் தெளிவான தமிழில் காரணம் சொல்லி நிறுத்திவிடுவது நம் கடமை. அக்கணக்கு நிரலின் தலையில் கட்டுமானத்தின் அகலத்தைச் சோதிக்கும் ஒரு வரி இருந்திருந்தால், முந்திரியை முக்கால் என்று கொண்ட தவறான தொகை ஒன்று பிறந்தே இராது. பிழையான விடையைவிட நின்றுபோன நிரல் ஆயிரம் மடங்கு மேல்.

பயிற்சிக்கு மூன்று

படித்ததோடு நில்லாமல், நண்பர்கள் தம் கணினியிலேயே இவற்றைச் செய்து பார்த்தல் வேண்டும்.

முதலாவது: உங்கள் கணினியில் பெர்லோ பைத்தானோ எத்தனை இடங்களில் உள்ளது என்று தேடுங்கள். ஒவ்வொன்றிலும் கட்டுமான அறிக்கையை எடுத்து, வேறுபடும் மூன்று அமைவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை எந்தக் காலத்தைச் சேர்ந்தவை என்று எழுதுங்கள்.

இரண்டாவது: பைத்தான் 3இல் ஸிஸ் ஃபிளாக்ஸ் என்பதன் உறுப்பாகிய ஆப்டிமைஸ் மீது 1 என்று எழுத முயலுங்கள், மறுப்பைப் படியுங்கள். பின்னர் கட்டளை வரியில் கழித்தல் குறியும் பெரிய ஓ எழுத்தும் இட்டுத் தொடங்கி, அதே உறுப்பின் மதிப்பைப் பாருங்கள். அசர்ட் என்று தொடங்கும் சோதனை வரி ஒன்று இப்போது நடைபெறுகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது: பிஹெச்பியில் நினைவக எல்லையையும் கோப்பேற்ற எல்லையையும் இனிசெட் கொண்டு அடுத்தடுத்து மாற்றி, இரண்டும் திருப்பித் தரும் மதிப்பை அச்சிடுங்கள். ஒன்று பழைய மதிப்பையும், மற்றொன்று 'பொய்' என்பதையும் தரும். ஏன் என்பதை இரண்டு வரிகளில் எழுதுங்கள். அந்த இரண்டு வரிகளை எழுத முடிந்தால் இந்தப் பாடம் உங்களுக்கு வசப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.